சொத்துவரி மனு: எதைக் கேட்டால் குறையும், எதைக் கேட்டால் குறையாது

சொத்துவரி கேட்பு, அதாவது வரியைக் கட்டச் சொல்லும் அறிவிப்பு, வந்த வாரத்தில் மதுரையில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "மனு கொடுத்தால் குறைத்துவிடுவார்கள்" என்பார் ஒருவர். "மனு கொடுத்தால் இன்னும் ஏற்றிவிடுவார்கள், பேசாமல் கட்டிவிடு" என்பார் இன்னொருவர். கைடுலைன் வேல்யூ ஏறியதால்தான் வரியும் ஏறியது என்று மூன்றாமவர் சொல்வார். கட்டிவிட்டால் அப்புறம் கேள்வி கேட்க முடியாது என்று நான்காவதாக ஒருவர் பயமுறுத்துவார். இவற்றில் சில முழுத் தவறு, சில பாதி உண்மை. இந்தப் பேச்சை நம்பி, மனு கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல் இருக்கிறார்கள். கொடுத்துப் பயனில்லாதவர்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். இரண்டுமே வருத்தமான விஷயம். இந்தக் கணக்கு ஒரு வீட்டுக்காரர் தானே உட்கார்ந்து புரிந்துகொள்ளக் கூடிய அளவுக்கு எளிமையானது.

மளிகைச் சிட்டையைப் போலப் பாருங்கள்

மாதச் சாமான் வாங்கி வருகிறீர்கள். சிட்டையின் அடியில் மொத்தம் நினைத்ததைவிட அதிகமாக இருக்கிறது. கடைக்குப் போய் "என்ன அண்ணாச்சி, இவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டால் அவர் என்ன செய்ய முடியும்? விலைவாசி அப்படி என்பார், வேலை முடிந்தது. அதையே, "துவரம்பருப்பு அரைக் கிலோதான் வாங்கினேன், ஒரு கிலோ என்று எழுதியிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். சிட்டையை வாங்கிப் பார்த்து, அடித்துத் திருத்திக் கொடுத்துவிடுவார். பருப்பின் விலையை நீங்கள் பேசித் தீர்மானிக்க முடியாது. எடையைப் பற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சொத்துவரியும் இப்படித்தான். விலையை அரசும் மாநகராட்சி மன்றமும் தீர்மானிக்கின்றன. எடை என்பது உங்கள் வீட்டைப் பற்றி அலுவலகப் பதிவேட்டில் இருக்கும் விவரம். வீட்டுக்காரர் கொடுக்கும் மனு அந்த விவரத்தைத்தான் தொட முடியும்.

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது

தமிழ்நாட்டு நகரங்களில் சொத்துவரிக்கு அடிப்படை ஆண்டு வாடகை மதிப்பு. அந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டுக்கு நியாயமாக எவ்வளவு வரும் என்று அலுவலகம் போடும் கணக்கு அது. நீங்கள் நிஜமாகவே வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா என்பது வேறு கேள்வி. சொந்த வீட்டில் குடியிருந்தாலும் இந்த மதிப்பு உண்டு.

கைடுலைன் வேல்யூ பத்திரப் பதிவுக்கான மதிப்பு. அது ஏறினால் பத்திரச் செலவு ஏறும், சொத்துவரி அதைப் பார்த்துப் போடப்படுவதில்லை. டீக்கடையின் மூன்றாவது ஆளுக்கு இதுவே பதில்.

ஆண்டு வாடகை மதிப்பைப் போட அலுவலகத்துக்கு நான்கைந்து விவரம் போதும். கட்டடம் எத்தனை சதுர அடி, எந்தத் தெருவில் இருக்கிறது, கான்கிரீட் கூரையா ஓடா தகரமா, எவ்வளவு பழையது, வீடாகப் பயன்படுகிறதா கடையாகவா. தெருவுக்குத் தெரு ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே நிர்ணயித்து வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் அடிப்படை மதிப்பு. மாசி வீதிக்கு ஒன்று இருக்கும், ஊர் எல்லையில் புதிதாக முளைத்த நகருக்கு வேறொன்று இருக்கும். பரப்பையும் அடிப்படை மதிப்பையும் பெருக்கி, கூரைக்கும் வயதுக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்தால் வாடகை மதிப்பு வரும். அதில் குறிப்பிட்ட சதவீதம் வரி. அதை அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். ஏப்ரலில் ஓர் அரையாண்டு தொடங்கும், அக்டோபரில் மற்றொன்று.

இந்த வரியோடு நூலக வரியும் சேர்ந்து வரும். குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பைக் கட்டணங்கள் தனி. மொத்தத் தொகையைப் பார்த்து மிரள்வதற்கு முன், அதில் சொத்துவரி மட்டும் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். சிலருக்கு உயர்ந்திருப்பது வேறு கட்டணமாக இருக்கும்.

ஆக, இதுவரை பார்த்ததில் இரண்டு பக்கம் இருக்கிறது. அடிப்படை மதிப்பும் வரிச் சதவீதமும் எல்லோருக்கும் பொது. சதுர அடி, கூரை, வயது, பயன்பாடு, தெரு ஆகியவை உங்கள் வீட்டுக்கே உரிய விவரம்.

2022-ல் ஏறியது எந்த வகை?

2008-க்குப் பிறகு 2022 வரை மதுரை போன்ற ஊர்களில் எந்தப் பொதுச் சீராய்வும் நிலைக்கவில்லை. 2018-ல் உயர்த்தப்பட்டது, அடுத்த ஆண்டே அது நிறுத்தி வைக்கப்பட்டது. 15-வது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்துவரியைச் சீராக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2022 ஏப்ரலில் உயர்வு வந்தது. சென்னைக்கு வெளியே வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம்.

இதுதான் பொதுச் சீராய்வு. ஊர் முழுக்க ஒரே உத்தரவில் நடப்பது. "75 சதவீதம் ஏற்றியது அநியாயம்" என்று நீங்கள் மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்தால், அதை வாங்கிக்கொள்ளும் அலுவலருக்கு அதை மாற்றும் அதிகாரமே இல்லை. அந்தக் கோபம் நியாயமாக இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய இடம் மாமன்றமும் சட்டமன்றமும்.

ஆனால் மேலே உள்ள எண்களை இன்னொரு தடவை பாருங்கள். உயர்வின் சதவீதமே சதுர அடியைப் பொறுத்தது. பழைய பதிவில் இருந்த சிறு அளவுப் பிழை ஒரு வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். 2008-ல் அந்தப் பிழையால் வந்த நஷ்டம் சில பத்து ரூபாயாக இருந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதன்மேல் ஒவ்வொரு உயர்வும் ஏறி உட்கார, பிழையும் சேர்ந்து வளர்கிறது.

டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விளாங்குடிப் பக்கம், தரைத்தளம் மட்டும், கான்கிரீட் கூரை. வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை நீளம் 39 அடி, அகலம் 30 அடி. பின்னால் 3 அடி அகலத்துக்கு ஒரு சந்து. துணி துவைக்கும் கல், ஒரு குழாய், ஒரு கொடிக்கயிறு. மேலே வானம்தான்.

வரிப் பதிவில் 1,260 சதுர அடி என்று இருக்கிறது. வீட்டுக்காரர் உள்ளே டேப் பிடித்து அளக்கிறார். சுவர்கள் 9 அங்குலம். உள்ளளவு 37.5 அடிக்கு 28.5 அடி, பெருக்கினால் சுமார் 1,069. "ஏறத்தாழ 200 சதுர அடி கூட்டிப் போட்டிருக்கிறார்கள்!" என்று கொதித்து மனு எழுதுகிறார். மனு தள்ளுபடியாகும், நிச்சயம். ஏனென்றால் வரிக்கு எடுக்கப்படுவது கட்டுமானப் பரப்பு, அதாவது சுவரின் தடிமனையும் சேர்த்து வெளிவிளிம்பிலிருந்து அளக்கும் கூரையுள்ள பரப்பு. பொறியாளர்கள் பிளிந்த் ஏரியா என்பார்கள். உள்ளளவை வைத்துச் சண்டை போடுவதுதான் நான் பார்த்தவரை மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

சரியாக அளந்தால் என்ன வரும்? 39 × 30, அதாவது 1,170. பதிவில் உள்ள 1,260 எங்கிருந்து வந்தது? 42-ஐ 30-ஆல் பெருக்கிப் பாருங்கள். யாரோ அந்தச் சந்து இடத்தையும் சேர்த்துக் காம்பவுண்டுச் சுவர் வரை டேப் பிடித்திருக்கிறார்கள். இப்போது உங்கள் கையில் புகார் இல்லை, விளக்கம் இருக்கிறது. வித்தியாசம் வெறும் 90 சதுர அடிதான், ஆனால் 1,170 என்றால் 50 சதவீதப் படி, 1,260 என்றால் 75 சதவீதப் படி. முன்பு அரையாண்டுக்கு 1,000 ரூபாய் வரி என்று வைத்துக்கொண்டால் 1,500 கட்ட வேண்டிய வீடு 1,750 கட்டுகிறது. அந்த 1,000 ரூபாயிலேயே சந்துக்கான வரியும் அடக்கம் என்பது தனிக் கதை.

இதே போலப் பார்க்க வேண்டிய இடங்கள் மொட்டை மாடியில் போட்ட தகரக் கொட்டகை, வெளிப் படிக்கட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். கீழமாசி வீதியை ஒட்டிய சந்துகளில் உள்ளது போல ஒட்டிக்கட்டிய பழைய வீடுகளில் பொதுச்சுவரை யார் கணக்கில் எழுதினார்கள் என்பதே ஒரு கேள்வி. தகரக் கொட்டகைக்குக் கான்கிரீட் மாடியின் மதிப்பைப் போட்டிருந்தால் அதையும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். நேரில் வந்து அளக்கும்போது பதிவில் இல்லாத மாடி அறை கண்ணில் பட்டால் அதுவும் கணக்கில் சேரும். "மனு கொடுத்தால் ஏற்றிவிடுவார்கள்" என்ற பேச்சில் இருக்கும் பாதி உண்மை இதுதான். அதனால் முதலில் நீங்களே அளந்து, பதிவோடு ஒப்பிட்டு, அப்புறம் மனு எழுத உட்காருங்கள்.

வீடா, கடையா, எந்தத் தெரு?

பரப்புக்கு அடுத்தபடியாகப் பிழை புகும் இடம் பயன்பாடு. முன் அறையில் ஒரு தையல் கடை இருந்தது, மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, பதிவில் இன்னும் வணிகம் என்றே இருக்கிறது. அல்லது 120 சதுர அடிக் கடைக்காகக் கட்டடம் முழுவதும் வணிகக் கணக்கில் போய்விட்டது. வணிகக் கட்டடங்களுக்கு 2022-ல் 100 சதவீத உயர்வு என்பதை நினைவில் வையுங்கள். கடை இல்லை என்று காட்ட நல்ல சான்று மின் இணைப்பு அட்டை. வீட்டு இணைப்பு 1-ஏ கட்டண வகையில் இருக்கும், கடை இணைப்பு 5-ல் இருக்கும். கடை இருக்கிறது என்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் வணிக வரி போட்டு மீதியை வீடாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

தெருப் பிழை அரிது, ஆனால் நடக்கும். முட்டுச்சந்துக்குள் இருக்கும் வீடு கதவிலக்கக் குழப்பத்தால் பெரிய வீதியின் மதிப்பில் விழுந்துவிடும். 2011-ல் மாநகராட்சி விரிவானபோது அவனியாபுரம், திருநகர், ஆனையூர், விளாங்குடி போன்ற பகுதிகள் தங்கள் பழைய பதிவேடுகளோடுதான் வந்து சேர்ந்தன. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் பழைய, புதிய கதவிலக்கம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. வீடு கட்டி முடித்த பிறகும் அதே மனைக்குக் காலிமனை வரி தனி எண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையும் கூடவே பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் குறைவாகக் கட்டுகிறார் என்பது மட்டும் காரணமாகாது. ஒரே தெரு, ஒரே வகைக் கூரை, ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பயன்பாடு என்றால் மட்டும் அதை ஒப்பீடாகக் காட்டலாம். அப்போதும் தொகையைத் தொகையோடு ஒப்பிடாதீர்கள். ஒரு சதுர அடிக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பார்த்து அதை எழுதுங்கள்.

மனு எப்படி இருக்க வேண்டும்

முதல் வேலை, பதிவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. வரிவிதிப்பு எண்ணை வைத்து உங்கள் வார்டுப் பில் கலெக்டரிடமோ மண்டல அலுவலகத்து வருவாய்ப் பிரிவிலோ கேட்கலாம். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "எனது கட்டடத்தின் அளவீட்டுத் தாள், வகைப்பாடு, அடிப்படை மதிப்பு, கணக்கீடு ஆகியவற்றின் நகல்" என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்குத் தனியாக வரியை மாற்றும்போது சிறப்பு அறிவிப்பு என்று ஒரு தாள் வரும். புதிய வரி இவ்வளவு, ஆட்சேபனை இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும் என்று அதில் இருக்கும். அந்தக் கெடு மிக முக்கியம். தாள் கைக்கு வந்த அன்றே அதன் மூலையில் தேதியைப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். தகவல் உரிமைப் பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிட வேண்டாம், மனுவை முதலில் கொடுத்துவிட்டு நகல்களைப் பின்னால் சேர்க்கலாம்.

மனு ஆணையர் பெயருக்கு இருக்கட்டும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வறுமை, பென்ஷன், உடல்நலம் எல்லாம் உண்மையாகவே இருந்தாலும் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை, சொல்ல வேண்டிய விவரம்தான் அவற்றுக்குள் அமுங்கிப்போகும். விளாங்குடி வீட்டுக்கு இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, மேற்கண்ட வரிவிதிப்பு எண்ணில் எனது வீட்டின் பரப்பு 1,260 சதுர அடி என்று பதிவாகியுள்ளது. கூரையுள்ள பகுதியின் வெளியளவு 39 × 30 அடி, மொத்தம் 1,170 சதுர அடி. பின்புறம் உள்ள 3 × 30 அடி இடம் கூரையில்லாத திறந்தவெளி. நேரில் அளந்து பார்த்து, பதிவைத் திருத்தி, அதன்படி வரியை மறுநிர்ணயம் செய்து எழுத்துமூலம் உத்தரவு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கூடவே அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கையால் வரைந்த அளவுப் படம், அந்தச் சந்தின் போட்டோ இரண்டு, கடைசி வரி ரசீது. இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தர யோசித்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அளக்க வரும் நாளில் வீட்டில் இருங்கள், டேப்பின் ஒரு முனையை நீங்களே பிடியுங்கள். எழுதிய அளவை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை வரியைக் கட்டலாமா?

கட்டலாம், கட்டுவதுதான் நல்லது. கட்டினால் உரிமை போய்விடும் என்பது தவறு. மேல்முறையீட்டுக்குப் போகிறவர் கேட்கப்பட்ட வரியைக் கட்டியிருக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. கட்டாமல் இருந்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையாகக் கிடைக்கும். மனு நிலுவையில் இருக்கிறது, அதற்கு உட்பட்டே கட்டுகிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்து வைத்தால் போதும்.

ஆணையரின் உத்தரவு திருப்தி தராவிட்டால் அதற்கு மேல் வரிவிதிப்பு மேல்முறையீடு இருக்கிறது, அதன்பின் நீதிமன்றம். நேராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்விடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. சட்டம் கொடுத்த மேல்முறையீட்டை முதலில் முடித்துவிட்டு வாருங்கள் என்றுதான் நீதிமன்றம் பெரும்பாலும் சொல்லும். 90 சதுர அடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையும் அனேகமாக வராது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகளுக்கும் அலங்காநல்லூர் போன்ற பேரூராட்சிகளுக்கும் இதே முறைதான். கிராம ஊராட்சியில் இருக்கும் வீட்டுக்கு வரி ஊராட்சிச் சட்டப்படி போடப்படுகிறது, அதன் நடைமுறை வேறு.

குறைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால்

2025-ல் மதுரை மாநகராட்சியையே உலுக்கிய விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கட்டடங்களின் வரி கணினியில் குறைக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, வழக்குப் பதிவாகி, பலர் கைதானார்கள். உயர் நீதிமன்றக் கிளை வரை அது போனது. வீட்டுக்காரர்களுக்கு இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மனுவும் அளவீடும் உத்தரவும் இல்லாமல் திரையில் மட்டும் குறைந்த வரி எந்த நாளும் பழைய நிலைக்குத் திரும்பலாம். வித்தியாசத்தை வட்டியோடு கேட்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு குறைத்துக் கொடுத்தவர் அப்போது கூட வரமாட்டார். உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது இடைத்தரகரிடம் போவது, வெல்லக்கூடிய வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வது போல.

எனவே குறைப்பு கிடைத்ததும் உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் திருத்திய பரப்பு, புதிய அரையாண்டு வரி, எந்த அரையாண்டிலிருந்து அமல் என்ற மூன்றும் இருக்க வேண்டும். கூடுதலாகக் கட்டிய தொகையை வரும் அரையாண்டுகளில் வரவு வைக்க வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த கேட்பு வந்தவுடன் இணையத்தில் உங்கள் வரிவிதிப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1,260 மறுபடி தலைகாட்டினால் புது மனு எழுத வேண்டாம், உத்தரவு நகலையும் பழைய மனுவின் முத்திரையிட்ட பிரதியையும் எடுத்துக்கொண்டு வருவாய்ப் பிரிவுக்குப் போங்கள்.